பதினோரு மாதம்

நான் பட்டுப்புடவை நெய்கிறவன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீடு. 2015 ஐப்பசியில் ஒரு டாக்டர் என் கையில் ஒரு சீட்டுக் கொடுத்தார். என் மகளுக்குக் காது கேட்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தது. அப்போது அவளுக்கு ஒரு வயது ஒன்பது மாதம். அந்தச் சீட்டை நான்காக மடித்து, பரணில் கட்டி வைத்திருந்த பழைய ஜக்கார்டு அட்டைக் கட்டுக்குள் செருகினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பதினோரு மாதம் அது அங்கேயே கிடந்தது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. பிளஸ் டூ வரை படித்தவன், நூலகத்துக்குப் போகிறவன். சீட்டைப் படித்துவிட்டுத்தான் மடித்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் நான். விடிந்ததும் தொடங்கும் சத்தம் விளக்கு வைத்த பிறகுதான் ஓயும். தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசியே பழகியதால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தொண்டை கொஞ்சம் பெரிது. அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் ஒரு கைக்குழந்தை அசையாமல் தூங்கியது. "தறிக்காரன் வூட்டுப் புள்ளன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று பெருமைப்பட்டோம்.

ஏணை கட்டியிருந்தது ஜக்கார்டுப் பெட்டியைத் தாங்கும் அதே உத்திரத்தில். நான் மிதியை மிதித்தால் பெட்டி எழும்பி இறங்கும், உத்திரம் அதிரும், ஏணையும் கூடவே அதிரும். இழை அறுந்து நான் தறியை நிறுத்தினால் அவள் கண் விழிப்பாள். "பாத்தியா, சத்தம் நின்னதும் முழிச்சிக்கிறா. என்னா கூர்மை காது!" என்றேன். அவள் உணர்ந்தது முதுகில் ஏறிய அதிர்வு. அதைக் காதுக் கணக்கில் எழுதியவன் நான்.

பத்தாம் மாதத்தில் என் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் என் அக்கா மகள். "மாமா, பின்னாடி நின்னு கூப்ட்டா திரும்பவே மாட்டேங்குறா மாமா" என்றாள். எங்கள் ஊரில் திருவெஃகாவில் ஒரு பெருமாள் இருக்கிறார். திருமழிசையாழ்வார் 'கிளம்பு' என்று பாடியதும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனவர். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்றே அவருக்குப் பெயர். சொன்னால் சாமியே எழுந்து நடக்கிற ஊரில், பெற்றவள் கூப்பிட்டு ஒரு பிள்ளை திரும்பவில்லை. நான் என்ன செய்தேன்? பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் வைத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். குழந்தை சட்டென்று திரும்பினாள். "திரும்பறா பாரு, நீ வேற!" என்று மனைவியை அடக்கினேன்.

பிற்பாடு சென்னையில் ஒரு சின்னப் பெண், காது சோதிக்கிறவர், என்னைக் கேட்டார்: "தட்டை எங்க வச்சுத் தட்டினீங்க? விளக்கு எந்தப் பக்கம் இருந்தது?" அப்போதுதான் விளங்கியது. விளக்கு என் முதுகுக்குப் பின்னால். ஓங்கிய கையின் நிழல் அவள் முன்னால் இருந்த சுவரில். தட்டு தரையில்; அவளும் தரையில். கேட்காத குழந்தைக்குக் கண்ணும் தோலும் காதின் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. நான் சோதித்தது அவற்றைத்தான்.

நான்காம் மாதத்தில் அவள் 'ஙா', 'ஊ' என்று குரல் கொடுத்ததும் எங்களை நம்பவைத்தது. காது கேட்காத குழந்தையும் முதலில் இப்படிக் குரல் கொடுக்கும். அது தானாக வருவது. பிறகு ஏழாம், எட்டாம் மாதத்தில் வரவேண்டிய 'மம்மம்மா', 'தத்தத்தா', 'பப்பப்பா' என்கிற அடுக்குத்தான் காதின் அத்தாட்சி. தான் எழுப்பிய ஒலியைத் தானே கேட்டு, திரும்ப எழுப்பிப் பார்க்கும் குழந்தைக்கே அது காலத்தில் வரும். எங்கள் வீட்டில் அது வரவில்லை. 'ஙா'வும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "சமத்துப் பொண்ணு, கத்தவே மாட்டா" என்றோம்.

அந்த மாதங்களில் கேட்கும் பிள்ளையின் மூளையில் என்னதான் நடக்கிறது என்று பின்னால் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொரு பக்கமும் எனக்கு எதிரான சாட்சி.

காது தாயின் வயிற்றிலேயே, கடைசி மூன்று மாதத்தில் வேலைக்கு வந்துவிடுகிறது. பிறந்து இரண்டு மூன்று நாளான சிசுக்கள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலை நாடி ரப்பர் காம்பைச் சப்புவதை 1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் காட்டினார்கள். 1984-இல் கனடாவின் ஜேனட் வெர்க்கர் செய்த சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. நம் 'ட'வும் 'த'வும் ஆங்கிலக்காரர்களின் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் 'ட'வையும் 'த'வையும் சரியாகப் பிரித்தார்கள். அதே திறமை பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் போய்விட்டது. தன்னைச் சுற்றிப் பேசுகிறவர்களுக்கு எந்த வேறுபாடு வேண்டும், எது வேண்டாம் என்று மூளை முதல் பிறந்தநாளுக்குள் பொறுக்கி எடுத்துவிடுகிறது.

இன்னொன்று. நாம் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. 'வாடிகண்ணு', 'பால்குடிகண்ணு', 'தூங்குகண்ணு' என்று ஒரே ஓட்டமாகத்தான் கொட்டுகிறோம். அதில் 'கண்ணு' என்பது தனிச்சொல் என்று குழந்தைக்கு யார் சொல்வது? எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்று அது தானே எண்ணிக்கொள்கிறது. 1996-இல் ஜென்னி சாஃப்ரனும் கூட்டாளிகளும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளியில்லாமல் இரண்டே நிமிடம் கேட்கவைத்தார்கள். அதற்குள் குழந்தைகள் சொல் எங்கே முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். கூட்டல் தெரியாத வயதில் அப்படி ஒரு கணக்கு.

என் மகள் தன் எட்டாம் மாதத்தைத் தறிக்கு நாலடி தள்ளி ஏணையில் கடந்தாள். கணக்குப் போடும் மூளை தயாராக இருந்தது. எண்களை உள்ளே அனுப்பும் வாசல் மூடியிருந்தது.

ஒரு வயது தாண்டியும் 'அம்மா' வரவில்லை. நாக்கில் வசம்பு தேய்த்தோம், தேன் தடவினோம். என் அம்மாவுக்கு ஆயிரம் கதை தெரியும். ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயதுவரை ஊமையாக இருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் கந்தர் கலிவெண்பா பாடிய கதை. நம்மூர் மூகன் கதை அதைவிடப் பக்கத்தில். பிறவி ஊமை, காமாட்சி அம்மன் அருளால் வாய் திறந்து, ஐந்நூறு சுலோகம் மூகபஞ்சசதி பாடியவர். "அஞ்சு வயசு வரைக்கும் டைம் இருக்குடா. வெள்ளிக்கிழமை தவறாம அம்பாள் சன்னதிக்குத் தூக்கிட்டுப் போ" என்றாள் அம்மா. போனேன். அங்கே பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தால் மனசு லேசாக இருந்தது உண்மை.

கதையைக் குறை சொல்ல வரவில்லை. கதையைச் சரியாகக் கேட்காதது என் குறை. மூகன் ஊமைதான்; செவிடர் என்று அம்மா சொன்ன கதையில் இல்லை. குமரகுருபரரும் அப்படியே. ஐந்து வருஷம் பேச்சு வரவில்லை என்றாலும் ஐந்து வருஷம் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. உள்ளே நிறைந்து கிடந்ததற்குத்தான் வாசல் திறந்தது. என் மகளுக்கு உள்ளே எதுவுமே போகவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை அம்மாவோ நானோ யோசிக்கவில்லை. அவளாவது படிக்காதவள்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். அன்று மனைவிக்குக் காய்ச்சல். அங்கன்வாடிக்குக் குழந்தைகளைப் பார்க்க நடமாடும் மருத்துவக் குழு வந்திருக்கிறது என்று நான் தூக்கிப் போனேன். டாக்டர் பின்னால் நின்று கைதட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு கிலுகிலுப்பையை ஆட்டினார். அவள் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டு எழுதினார். "தள்ளிப் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "இன்னா சொன்னாங்க மாமா?" "எடை கொஞ்சம் கம்மியாம். வேற ஒண்ணும் இல்ல."

ஏன் மறைத்தேன்? தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். 'அந்த வூட்ல செவிட்டுப் புள்ள' என்ற பேச்சு தெருவைத் தாண்டினால் பெண் பார்க்க வருகிறவன் வாசலோடு திரும்புவான் என்று பயம். அடுத்தது, நான் அக்கா மகளைக் கட்டியவன். சொந்தத்தில் கட்டுவது எங்களிடம் மட்டும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் சொந்தத்தில் நடந்தவை. நாட்டிலேயே இதுதான் அதிகம். பெற்றோர் இருவரும் வெளியே தெரியாமல் சுமக்கும் ஒரே பழுதான மரபணு பிள்ளையிடம் வந்து சேரும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுகிறது. பிறவிச் செவிட்டுத்தன்மை அப்படி வரும் வழிகளில் ஒன்று. 'உறவு விட்டுப் போகக்கூடாது' என்று அக்கா காலில் விழுந்து கட்டியவன் நான். சீட்டை வெளியே காட்டினால் அது என் கல்யாணத்தின்மேல் எழுதிய தீர்ப்பாகிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது, பணம். தை முகூர்த்தத்துக்கு ஒரு கோர்வைப் புடவை. முன்பணம் வாங்கிச் செலவழித்தாகிவிட்டது. சென்னைக்கு நாலு தடவை அலைந்தால் தறி நின்றுபோகும். அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். தறிக்குழியில் தண்ணீர் ஊறியது, பாவு ஈரமேறியது. 'மழை விடட்டும்' என்று எனக்கு நானே சொன்னேன். மழை விட்டது. தையில் புடவையை அறுத்துக் கொடுத்தேன். ஆனியில் தங்கைக்குக் கல்யாணமும் முடிந்தது. சீட்டு மட்டும் அட்டைக் கட்டிலேயே இருந்தது. மறைக்கத்தான் காரணம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு பழக்கமே போதுமாக இருந்தது.

2016 புரட்டாசியில் முதலாளி பழைய மயில்சக்கர டிசைனையே திரும்பக் கேட்டார். பரணிலிருந்து அந்த அட்டைக் கட்டை இறக்கிப் பிரித்தேன். சீட்டு மடியில் விழுந்தது. மகள் எதிரே உட்கார்ந்து தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐயாயிரம் முறையாவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்போம். தனக்கு ஒரு பேர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன்: "எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு. நாளைக்கு மெட்ராஸ் போய்ப் பாத்துடலாம்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் "மாமாதான் கண்டுபுடிச்சாரு" என்று சொன்னாள். அந்தப் பெருமையையும் வாங்கி வைத்துக்கொண்டேன். சீட்டை மறைத்ததைவிட இது கேவலம்.

பெரா சோதனைக்குக் குழந்தையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி விட்டு, மூளைத்தண்டு பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்கும் காதுக்குத் தாளில் மேடு மேடாகக் கோடு எழும்பும். டாக்டர் விளக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. கட்டம் போட்ட தாளைப் பார்த்து நெய்கிறவன் நான். எந்தக் கட்டத்தில் இழை எழும்பும், எதில் படியும் என்று தெரியும். அந்தத் தாளில் எதுவுமே எழும்பவில்லை. இரண்டு காதுக்கும் இரண்டு தாள். இரண்டும் வெற்றுப் பாவு.

கேட்கும் கருவி மாட்டி மூன்று மாதம் பார்த்தார்கள், பயனில்லை. 2017 மே மாதம், அவளுடைய மூன்று வயது நான்கு மாதத்தில், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை நடந்தது. என் கையிலிருந்து என்றால் ஜென்மத்துக்கும் முடிந்திருக்காது. அந்தத் திட்டத்தில் இந்த அறுவைக்கு வயது வரம்பு ஆறு. அந்த வரம்புக்குக் காரணம் மூளையிலேயே இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் அனு சர்மா, இம்ப்ளாண்ட் வைத்த குழந்தைகளின் மூளை ஒலிக்கு எவ்வளவு விரைவாகப் பதில் சொல்கிறது என்று அளந்தார். மூன்றரை வயதுக்குள் வைத்தவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலேயே கேட்கும் பிள்ளைகளை எட்டிப் பிடித்தார்கள். ஏழு வயதுக்கு மேல் வைத்தவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை. ஓடாத தறி இருக்கும் அறையை நாம் என்ன செய்வோம்? அரிசி மூட்டை, பழைய பாய், உடைந்த சைக்கிள் என்று நிரப்பிவிடுவோம். மூளையும் அப்படித்தான். ஒலி வராத இடத்தைப் பார்வையும் தொடுகையும் எடுத்துக்கொள்கின்றன. பிறகு ஒலி வந்தாலும் உட்கார இடம் இருப்பதில்லை. மூன்றரைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நாங்கள் உள்ளே நுழைந்தோம். அந்தப் பதினோரு மாதத்தைக் கழித்துப் பார்த்தால் இரண்டரை வயதுக்குள்ளேயே நுழைந்திருக்கலாம் என்று கணக்கு சொல்கிறது: இரண்டு வயது ஐந்து மாதம்.

கருவியை முதலில் இயக்கிய அன்று அவள் மிரண்டு அலறினாள். "காதுக்கு இன்னைக்குத்தான் பிறந்தநாள். கேட்கிற வயசு பூஜ்யம்" என்றார் பயிற்சி கொடுக்கும் அம்மா. தினமும் ஒருவர் எதிரே உட்கார்ந்து, பார்ப்பதையும் செய்வதையும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றார். நான் செல்போனில் குழந்தைப் பாட்டைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுத் தறியில் இறங்கினேன். இரண்டு மாதம் இப்படியே. ஒரு சொல் ஏறவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. 2003-இல் பட்ரீஷியா குல் அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கவைத்துச் செய்த சோதனையும் இதையே சொல்கிறது. ஒன்பது மாதக் குழந்தைகள், நேரில் உட்கார்ந்து விளையாடியவரிடம் கற்றார்கள். அதே ஆளை, அதே பேச்சை டிவியில் பார்த்தவர்கள் ஒன்றும் கற்கவில்லை. கோர்வைப் புடவைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கரையில் நான் நாடாவை விட்டால் அந்தக் கரையில் ஒரு ஆள் திருப்பி விட வேண்டும். எதிர் ஆள் இல்லாமல் கோர்வை விழாது. அதற்குப் பிறகு தினமும் மதியம் இரண்டு மணிநேரம் தறியை நிறுத்தினேன்.

இன்னொரு தப்பும் உண்டு. கருவி வருவதற்கு முன்பே அவளும் அவள் அம்மாவும் கையாலேயே ஒரு பேச்சை உண்டாக்கியிருந்தார்கள். பாலுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. எனக்கு அவள் வைத்த பேர், வலது கையை இடுப்புக்குப் பக்கத்தில் வீசுவது: நாடா விடுவது. தெருவில் அவள் அதைக் காட்டினால் கையைத் தட்டிவிடுவேன், நாலு பேர் பார்ப்பார்களே என்று. 1991-இல் லாரா பெட்டிட்டோ காட்டியது பிறகுதான் தெரிந்தது. கைமொழி பேசும் காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள், மற்றப் பிள்ளைகள் 'தத்தத்தா' சொல்லும் அதே வயதில், விரலால் மழலை பேசுகிறார்கள். மூளை தேடுவது மொழியை. அது வாயால் வந்தாலும் கையால் வந்தாலும் பற்றிக்கொள்கிறது. என் மகள் முதன்முதலில் தானாகச் செய்த சொல் 'அப்பா'. அதைத்தான் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. பேசுகிறாள், சண்டை போடுகிறாள், தம்பியை மிரட்டுகிறாள். முன்பின் தெரியாதவர்களுக்குப் பாதி புரியும். தமிழின் இலக்கணமெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. பேச்சில் நாம் அமுக்கி விழுங்குவதும் அந்த வாலைத்தான். அதனால் 'வந்தா', 'வந்தான்', 'வந்தாங்க' அவளிடம் இன்றும் இடம் மாறுகின்றன. "ஆயா வந்தான்" என்பாள். வகுப்பில் சிரிப்பார்கள். ராத்திரி கருவியைக் கழற்றி வைத்தபின் அவளுக்கு ஒன்றும் கேட்காது. அப்போது அம்மாவும் மகளும் கையால் பேசிக்கொள்வார்கள். நானும் இப்போது கற்றுக்கொள்கிறேன், மெதுவாக. என் விரலைப் பிடித்துத் திருத்துகிறாள்.

போன மாதம் மனைவியிடம் சீட்டைக் காட்டிச் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்த மாசம் மாமா குடுத்தாங்க?" என்றாள். ஐப்பசி என்றேன். விரல் விட்டு எண்ணினாள். மறுநாள் சீட்டை வாங்கி மகளுடைய ஆஸ்பத்திரி ஃபைலில் முதல் தாளாக வைத்தாள். இன்றுவரை அதைப் பற்றி வேறு ஒன்றும் பேசவில்லை.

கைக்குழந்தை இருக்கும் வீட்டாருக்குச் சொல்கிறேன். பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை. சந்தேகமிருந்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு. ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. உலகமெங்கும் டாக்டர்கள் சொல்லும் கணக்கு இது. அந்த முதல் சோதனை குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடியும். ஊசி இல்லை, வலி இல்லை. தட்டைத் தட்டிப் பார்த்து ஏமாறாதீர்கள். பத்து மாதமாகியும் 'மம்மா', 'தத்தா' என்ற அடுக்கு வரவில்லை என்றால் அஞ்சு வயசுக் கதை கேட்காதீர்கள். யாராவது சீட்டு எழுதிக் கொடுத்தால், அன்று சாயங்காலமே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள்.